தட்டுப்போருக்குள் போகும் களை



புரட்டாசிக் கடைசி மழையை நம்பித் தட்டுக்காகச் சோளம் விதைத்த மானாவாரிக் காடுகளில் இப்போது பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும். இந்த நேரத்தில் வந்த கடிதங்களில் பாதி களையைப் பற்றியவை. அவற்றில் தாராபுரம் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு. இரண்டு கறவை மாடு, ஒரு கிடாரி. வருஷா வருஷம் சோளமும் ஊடே கொஞ்சம் தட்டைப்பயறும் விதைத்து, தையில் தட்டு அறுத்துக் காயவைத்துப் போர் போடுவோம். கோடை முழுக்க அந்தப் போர்தான் மாட்டுக்குச் சோறு. போன வருஷம் பாதிப் போருக்கு மேல் பால் கசக்க ஆரம்பித்தது. சொசைட்டியில் இரண்டு தடவை திருப்பி விட்டார்கள். இந்த வருஷம் காட்டுக்குள் கேரட் இலை மாதிரி ஒரு செடி நிறைய முளைத்திருக்கிறது. வரப்போரம் ஊமத்தையும் இருக்கிறது. ஆள் விட்டுக் களை எடுத்தால் கட்டுப்படியாகாது. மருந்துக் கடையில் 2,4-டி அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? மாடு தின்னாத செடியை மாடே ஒதுக்கிவிடும் என்று என் மாமனார் சொல்கிறார். அதுவும் சரிதானா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் மாமனார் சொன்ன அதே வார்த்தையை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

நான் பணியில் சேர்ந்து மூன்றாவது ஆண்டு. ஒரு கிராமத்தில் பயிர் பார்க்கப் போனபோது, ஒரு பெரியவர் தன் சோளக்காட்டுக்குக் கூட்டிப்போனார். பயிர் நன்றாக இருந்தது. பொழியோரம் பத்துப் பதினைந்து ஊமத்தைச் செடிகள், காட்டுக்குள்ளும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. "இதை எடுக்கோணுங்களா சார்?" என்று கேட்டார். "மாடு அறிவுள்ளதுங்க. ஊமத்தையில் வாயே வைக்காது. ஆள்கூலியை வீணாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். படித்த படிப்பில் பயிருக்கும் களைக்கும் உள்ள போட்டியைத்தான் நினைத்தேனே தவிர, அந்தப் பயிர் எங்கே போகப்போகிறது என்பதை நினைக்கவில்லை.

மாசி மாதம் அவர் மகன் அலுவலகத்துக்கு ஓடிவந்தான். மாடு கண் விரியப் பார்க்கிறது, வாய் உலர்ந்துவிட்டது, அசை போடவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, நிலைகொள்ளாமல் தவிக்கிறது என்றான். கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டு போனோம். அவர் மாட்டைப் பார்த்துவிட்டுத் தீவனத் தொட்டியில் மிச்சமிருந்ததைக் கையால் அளைந்தார். நறுக்கிய சோளத்தட்டுக்கு நடுவே முள் நிறைந்த காய்த் துண்டுகளும், தட்டையான விதைகளும் கிடந்தன. ஊமத்தை. மூன்றாம் நாள் அந்த மாடு இறந்தது. அந்த வீட்டுக்கு இருந்தது அது ஒன்றுதான். பெரியவர் என்னைத் திட்டவில்லை. "அதுக்குத் தெரியும்னு சொன்னீங்களே சார்" என்று மட்டும் கேட்டார். அதற்கு அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

மாட்டுக்குத் தெரியும் என்பது பச்சையாக மேயும்போது பெரும்பாலும் உண்மை. நாற்றத்தையும் கசப்பையும் கண்டு ஒதுக்கும். ஆனால் களையைச் சோளத்தோடு சேர்த்து அறுத்து, காயவைத்து, கட்டாகக் கட்டி, எந்திரத்தில் நறுக்கிப் போட்டால் நாற்றம் குறைந்துவிடும். துண்டு துண்டாகக் கலந்த பிறகு பிரிக்கவும் வழியில்லை. கோடையில் பசித்த மாடு தேர்ந்தெடுத்துத் தின்னாது. ஊமத்தையின் நஞ்சு காய்ந்தாலும் போவதில்லை. ஆகவே தட்டுக்காக வளர்க்கும் காட்டில் நல்லது கெட்டது பிரிக்கும் வேலை மாட்டுடையதல்ல, நம்முடையது. அதையும் அறுப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது?

ஆள்கூலி கட்டுப்படியாகாது என்பது நியாயமான பேச்சு. அதனால் காட்டையே சுரண்டி எடுக்கச் சொல்லமாட்டேன். களைகளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை, மாட்டின் உயிருக்கோ பாலுக்கோ கெடுதல் செய்பவை.

ஊமத்தை: அகன்ற இலை, புனல் போன்ற நீண்ட பூ, முள் உருண்டைக் காய். இலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம். ஒரு செடிகூட காட்டில் இருக்கக் கூடாது. எண்ணிக்கையில் குறைவாகத்தான் இருக்கும். ஒருவர் ஒரு காலைப் பொழுதில் ஒன்றரை ஏக்கரைச் சுற்றி எடுத்துவிடலாம். காய் பிடித்திருந்தால் செடியை வரப்பில் போடாமல் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோங்கள். காய் வெடித்தால் அத்தனையும் அடுத்த வருஷச் செடி.

பார்த்தீனியம்: நீங்கள் சொல்லும் கேரட் இலைச் செடி இதுதான். இளம் வயதில் இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். பிறகு நடுவில் தண்டு எழும்பிக் கிளைத்து, நுனியில் சிறுசிறு வெள்ளைப் பூக்கள் வைக்கும். தண்டில் நீளவாக்கில் கோடுகளும் மெல்லிய மயிரும் இருக்கும். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை போடும். இதைத் தின்ற மாட்டின் பால் கசக்கும். அளவு மிஞ்சினால் வாய்ப்புண், தோல் அரிப்பு, கழிச்சல் எல்லாம் வரும். மனிதருக்கும் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும்.

முள்ளுக்கீரை, சாரணை: இவை நாலு செடி இருந்தால் ஒன்றுமில்லை. எருக் குமித்த இடத்திலும் தொழுவத்தை ஒட்டிய மூலையிலும் மண்டிக் கிடந்தால்தான் ஆபத்து. இந்தச் செடிகள் மண்ணிலுள்ள நைட்ரேட்டைத் தண்டில் சேர்த்து வைக்கும். வறட்சியில் வாடி நின்றிருந்து மழை பெய்து துளிர்க்கும்போது அது இன்னும் கூடும். இளஞ்சோளத்தில் இருக்கும் நஞ்சு தட்டு நன்றாகக் காய்ந்தால் பெருமளவு குறைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நைட்ரேட் அப்படியல்ல, காய்ந்த தட்டிலும் அப்படியே இருக்கும். மண்டிய இடங்களை மட்டுமாவது களைக்கொத்தால் கொத்தி எடுத்துவிடுங்கள்.

நெருஞ்சி: காய்ந்த காயின் முள் மாட்டின் வாயையும் நாக்கையும் குத்தும். ஆடுகள் நிறையத் தின்றால் வெயில் பட்ட முகமும் காதும் வீங்கும். வேலியோரம் உண்ணிச்செடி இருந்தால் அதன் கிளை தட்டோடு சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஈரலைக் கெடுத்துக் காமாலை கொண்டுவரும்.

இரண்டாம் வகை, பயிரின் சத்தையும் ஈரத்தையும் திருடுபவை. கோரை, சுடுமல்லி போன்றவை. இவை மாட்டைக் கொல்லா. ஆனால் போரின் உயரத்தைக் குறைக்கும்.

மூன்றாம் வகை, அருகு, தொய்யக்கீரை, சாதாரணப் புற்கள். இவை தட்டோடு வந்தால் மாடு நன்றாகவே தின்னும். முதல் 45 நாள்வரை பயிரை அமுக்காமல் இருந்தால் போதும். கூலி போதாத வருஷத்தில் இவற்றை விட்டுவிடுங்கள். பார்த்தீனியத்தை விட்டுவிட்டு அருகை வெட்டிக்கொண்டிருப்பதை நான் பல காடுகளில் பார்க்கிறேன்.

ஆக உங்கள் கணக்கு இது: முதல் நாள் ஊமத்தை முழுவதும். அடுத்து, வரப்பிலும் வரப்பை ஒட்டிப் பத்தடி அகலத்திலும் உள்ள பார்த்தீனியம். விதை உள்ளே நுழையும் வாசல் அதுதான். பிறகு காட்டுக்குள் இருக்கும் பார்த்தீனியம். அதன் பிறகு எருக் குமித்த மூலை. மழை பெய்த மறுநாள் போனால் வேரோடு கையில் வரும். பார்த்தீனியத்தைக் கத்தியால் மேலோட்டமாக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிடுங்கத்தான் வேண்டும். கையுறை இல்லாவிட்டால் இரண்டு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் இந்த வேலைக்கு வேண்டாம். பூப்பதற்கு முன் எடுத்ததை எருக்குழியில் போடலாம். பூத்ததை எருக்குழியில் போடக் கூடாது. தனிக்குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

மருந்து அடிக்கலாமா?

உங்கள் காட்டில் 2,4-டி வேண்டாம். அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து. ஊடே இருக்கும் தட்டைப்பயறும் அகன்ற இலைதான், அதுவும் போய்விடும். பக்கத்துக் காட்டில் பருத்தி இருந்தால் காற்றில் பறக்கும் துளி பட்டாலே இலை சுருண்டு நாசமாகும். அது அக்கம்பக்கத்துப் பகையில்தான் முடியும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. இந்த மருந்து பட்டு வாடும் சில செடிகளில் இனிப்புச் சத்து கூடும். வழக்கமாக மாடு ஒதுக்கும் நச்சுச் செடியைக்கூட அந்த வாடலில் விரும்பித் தின்றுவிடும். ஆகவே எந்தக் காட்டில் மருந்து அடித்தாலும் டப்பாச் சீட்டில் போட்டிருக்கும் நாள் கழியாமல் மாட்டை மேயவிடுவதோ, புல் அறுத்துப் போடுவதோ கூடாது.

பயறு கலக்காமல் தனிச்சோளம் விதைப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. விதைத்த 3-ம் நாள், மண் ஈரமாக இருக்கும்போது, அட்ரசின் 50 சதத் தூள் ஏக்கருக்கு 200 கிராம் எடுத்து, 360 லிட்டர் தண்ணீரில் கலந்து, விசிறி நாசில் பொருத்திய கைத்தெளிப்பானால் மண்ணின் மேல் ஒரே சீராகத் தெளிக்கலாம். களை முளைத்து வளர்ந்த பிறகு இதை அடிப்பதில் பயனில்லை. ஈரமில்லாத மண்ணிலும் வேலை செய்யாது. பயறு கலந்திருந்தால் தொடவே கூடாது. மருந்து அடிக்காதவர்கள் விதைத்த 15-ம் நாளை ஒட்டி ஒன்றும், 30-35 நாளில் ஒன்றுமாக இரண்டு களை எடுப்பது வழக்கமான பரிந்துரை.

வரப்பு, பாதையோரம் போன்ற பயிரில்லாத இடத்துப் பார்த்தீனியத்துக்குச் சமையல் உப்பு போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்பும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து, பூப்பதற்கு முன் நல்ல வெயில் நேரத்தில் செடி நனைய அடியுங்கள். பயிருக்குள் இதை அடிக்க வேண்டாம், மண் உப்பாகிவிடும். பார்த்தீனியம் எடுத்த வெற்றிடத்தில் துத்தியும் ஆவாரையும் முளைத்தால் பிடுங்காமல் விடுங்கள். அவை நெருங்கி வளர்ந்து பார்த்தீனியத்துக்கு இடம் தராமல் செய்யும். மழைக்காலத்தில் இலையைச் சல்லடையாக்கும் சிறு வண்டுகளைப் பார்த்தால் அவற்றையும் கொல்லாதீர்கள். 1984 வாக்கில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து நம் நாட்டில் விடப்பட்ட வண்டு அது; பார்த்தீனியத்தைத் தின்பதற்கென்றே விட்டது.

பழைய போர் மீதி இருந்தால்

போன வருஷத் தட்டு இன்னும் இருந்தால் கட்டைப் பிரித்து உதறிப் பாருங்கள். ஊமத்தையின் முள்காய் காய்ந்தாலும் அடையாளம் தெரியும். பார்த்தீனியத் தண்டு சோளத்தட்டு போலக் கணு இல்லாமல், கிளைகள் விரிந்து, கோடு கோடாக இருக்கும். எந்திரத்தில் நறுக்குவதற்கு முன் இந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும். நறுக்கிய பின் பார்த்துப் பயனில்லை. ஊமத்தைக் காய் நொறுங்கி விதை சிதறிய கட்டை மாட்டுக்குப் போடவே வேண்டாம்.

பால் கசப்பதற்குப் பார்த்தீனியம் மட்டும் காரணமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மடிநோய் இருந்தாலும், கறவை வற்றும் காலத்திலும் பால் சுவை மாறும். அந்தத் தட்டை நிறுத்தி வேறு தீவனம் கொடுத்து நாலைந்து நாள் பாருங்கள். கசப்பு போய்விட்டால் காரணம் தட்டு. போகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் மடியைக் காட்டுங்கள். மாடு கண் விரிந்து, வாய் உலர்ந்து, அசை போடாமல் நின்றால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962. தொட்டியில் மிச்சமிருக்கும் தீவனத்தைக் கொட்டிவிடாமல் எடுத்து வையுங்கள். மருத்துவருக்கு அதுதான் துப்பு.

அடுத்த விதைப்புக்கு முன்

களை இந்த வருஷம் விழுந்த விதை அல்ல. பல வருஷமாக மண்ணில் சேர்ந்த இருப்பு. அதைக் குறைக்க நாலு வேலை போதும். சித்திரை மழைக்குக் கோடை உழவு போட்டுக் கோரைக் கிழங்கை வெயிலில் காயவிடுங்கள். விதைப்புப் பருவத்தில் முதல் மழைக்கு ஒரு உழவு போட்டு, களை முளைக்கவிட்டு, அடுத்த உழவில் அதை அழித்துவிட்டு விதையுங்கள். தட்டுக்கு விதைக்கும்போது இடைவெளி இல்லாமல் விதைத்தால் பயிரின் நிழலே பாதிக் களையை அடக்கும். எருவை நன்றாக மக்கவிட்டே போடுங்கள். பச்சைச் சாணத்தோடு போன களை விதை சாகாமல் காட்டுக்கே திரும்பி வரும்.

மற்ற கேள்விகள்

*கரூர் மாவட்ட வாசகர் ஒருவர்: மண்ணில் ஈரம் இருந்தும் சோளம் திட்டுத்திட்டாக வாடி மஞ்சளாகிறது. அடியில் வெள்ளைப் பூவுடன் ஒரு சாண் உயரச் செடிகள் நிற்கின்றன. இது என்ன?*

சுடுமல்லி. அது சோளத்தின் வேரில் தன் வேரை ஒட்டிச் சத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி. நீங்கள் வெளியே பார்க்கும் நேரத்தில் பாதிச் சேதம் நடந்து முடிந்திருக்கும். ஆனாலும் பூ விதையாகும் முன் பிடுங்கியாக வேண்டும். தூசி போன்ற அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்தத் திட்டுகளைக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அடுத்த இரண்டு மூன்று வருஷம் அங்கே சோளமும் கம்பும் வேண்டாம். நிலக்கடலை, தட்டைப்பயறு, பருத்தி இவற்றில் ஒன்றைப் போடுங்கள். இவற்றின் வேர் சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும், ஆனால் உணவு தராது. முளைத்த விதை தானே செத்துப்போகும்.

*திண்டுக்கல் பக்கத்து வாசகர்: குதிரை மசாலின் மேல் மஞ்சள் நூல் போல ஒரு கொடி படர்கிறது. இழுத்துப் போட்டாலும் திரும்ப வருகிறது.*

அது அம்மையார் கூந்தல். இழுத்துப் போட்டால் அறுந்த துண்டும் புதிதாகப் பற்றிக்கொள்ளும். நூல் தெரியும் இடத்தோடு நிற்காமல், சுற்றிலும் ஒரு முழம் சேர்த்து மசாலையும் தரைமட்டத்துக்கு அறுத்து, அந்த இடத்துக்கு வெளியே கொண்டுபோய்க் காயவைத்து எரித்துவிடுங்கள். இது பெரும்பாலும் விதையோடுதான் வருகிறது. சந்தையில் அளந்து கொடுக்கும் விதையை வாங்காமல் சான்று விதை வாங்குங்கள்.

*காங்கேயம் பக்கத்து வாசகர்: எங்கள் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே வேலிக்காத்தான் கன்றுகள் முளைக்கின்றன. எங்கிருந்து வருகிறது?*

உங்கள் ஆட்டின் வயிற்றிலிருந்து. நெற்றைத் தின்ற ஆடு விதையைப் புழுக்கையோடு போட்டுவிடும். அது நன்றாக முளைக்கும். வேலிக்காத்தான் நெற்று விழும் இடத்தில் மேய்ந்துவிட்டு வரும் ஆடுகளை நேரே புல்காட்டுக்குள் விடாமல், சில நாள் பட்டியில் அடைத்து வைத்திருந்து விடுங்கள். ஒரு சாண் கன்றாக இருக்கும்போதே மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். இடுப்பளவு வளர்ந்தால் வெட்ட வெட்டத் தழையும்.

பெயர் தெரியாத செடி எதுவானாலும் வேரோடு பிடுங்கி, பழைய செய்தித்தாளில் சுருட்டி, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். நேரில் வர முடியாதவர்கள் உழவர் அழைப்பு மையத்தை 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். "இதை எடுக்கணுமா?" என்று எங்களிடம் கேட்கும்போது, அந்தத் தட்டு எந்த மாட்டுக்குப் போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் மறந்திருந்தால் நீங்கள் ஞாபகப்படுத்தியதாக இருக்கட்டும்.

தாராபுரம் சகோதரிக்கு: மாமனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், மேய்ச்சலைப் பற்றி அவர் சொன்னது சரி, போரைப் பற்றித்தான் சரியில்லை என்று. இந்த வாரமே ஊமத்தையை எடுத்துவிடுங்கள்.